சிட்சையும் பொறுமையும்: இரட்சணிய யாத்திரிகத்தைக் கோத்தா திங்கியிலிருந்து வாசித்தல்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கிப் பட்டணம் 2006ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜொகூர் ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகளிலும் கடைகளிலும் படிந்த சேற்றை மக்கள் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மீண்டும் மூழ்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அப்பட்டணத்தில் கூடிய தமிழாசிரியர்கள் சிலரிடையே தமிழ்க் கிறித்தவக் காப்பியங்கள் பற்றி உரையாற்றும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் அவற்றின் வருணனைத் திறன், கம்பன் நடையின் செல்வாக்கு முதலிய வழக்கமான தலைப்புகளில் அறிமுகப்படுத்தி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஆசிரியர் ஒருவர் எழுந்தார். வெள்ளத்தில் தம் வீட்டுப் புத்தகங்கள் முழுவதையும் இழந்தவர் அவர். தம்முடைய சபையைச் சேர்ந்த ஒருவர், இது கர்த்தர் தரும் சிட்சை, அன்பினால் தருகிறார், பொறுமையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தமக்கு ஆறுதல் கூறியதாகவும், அந்த ஆறுதலைத் தம்மால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்றும் சொன்னார். கிருஷ்ண பிள்ளை இதற்கு என்ன சொல்வார் என்பது அவருடைய வினா.

அன்று அதற்கு விடை கூற இயலவில்லை. காலங்கடந்த அவ்விடையை ஒரு திறனாய்வாக எழுத இக்கட்டுரை முற்படுகிறது. இறைவனின் அன்புநிறைந்த கண்டிப்பை ஏற்றலும், கிறித்தவ வாழ்வில் தளராது நிலைத்தலும் ஆகிய கருத்து இறையியலாருக்கு உரியது என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. அது தமிழில் எச்சொல்லால் சொல்லப்பட்டது, எக்காப்பிய வடிவில் வார்க்கப்பட்டது, எத்தகைய செவிகளில் வீழ்ந்தது என்னும் மூன்றும் இலக்கிய ஆய்வுக்கு உரியவை. இரட்சணிய யாத்திரிகம் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள கட்டுரைகளுட் பெரும்பாலானவை அதன் ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றுவதோடு அமைதி கொள்கின்றன. போற்றுதல் தவறன்று. எனினும், ஒரு காப்பியம் துன்பத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேளாமல் அதன் உவமைகளை எண்ணிக்கொண்டிருப்பது அக்காப்பியத்திற்குச் செய்யும் மரியாதையாகாது.

சொல்லின் வரலாறு

விவாதத்தின் வேர் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனைப் போலத் தளராது ஓடுக என்று தொடங்கும் அவ்வதிகாரம், கேட்போர் படும் துன்பங்களைத் தந்தை மகனைத் திருத்தும் செயலாகக் காணும்படி கூறுகிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இச்செயலுக்குச் 'சிட்சை' என்னும் சொல்லை வழங்குகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதனை விடுத்து, கண்டித்தலையும் திருத்தலையும் இணைத்த தொடரால் அதே கருத்தை உணர்த்துகிறது. இம்மாற்றம் மொழியை எளிமைப்படுத்தும் முயற்சி மட்டுமன்று என்பது கருதத்தக்கது.

சிட்சை என்பது 'சிக்ஷா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கற்பித்தல், பயிற்றுதல் என்பதே அதன் முதற்பொருள். வேதாங்கங்கள் ஆறனுள் ஒன்றாகிய சிட்சை, வேத ஒலிகளைப் பிழையின்றி ஒலிக்கக் கற்பிக்கும் துறையாகும். இந்தியில் இன்றும் அச்சொல் கல்வியையே குறிக்கும். ஆனால் தென்னாட்டு மொழிகளில் அதன் வாழ்க்கை வேறு விதமாயிற்று. மலையாளத்திலும் தெலுங்கிலும் அது தண்டனையைக் குறித்தது. தெலுங்கில் பயிற்சியைக் குறிக்கச் 'சிக்ஷண' என்னும் மற்றொரு வடிவம் தனியே தேவைப்பட்டது. தமிழிலும் கற்பித்தல் என்னும் பொருள் அகராதியில் தங்க, தண்டித்தல் என்னும் பொருளே வழக்கில் வென்றது. கல்வியைக் குறித்த ஒரு சொல் நம் நாவில் பிரம்பாக மாறியதற்குக் காரணம் நம் திண்ணைப் பள்ளிகளில் இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. இதனை மெய்ப்பிக்க இங்கு முயலவில்லை.

வியப்பு என்னவெனில், கிரேக்க மூலத்தில் உள்ள 'பைதெய்யா' என்னும் சொல்லும் இதே பாதையில் நடந்ததே. 'பைஸ்' என்றால் குழந்தை. குழந்தையை வளர்த்தெடுத்தல், கல்வி, பண்பாடு என்பன அச்சொல்லின் செவ்வியல் பொருள்கள். எபிரேய மறைநூல் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது 'மூசார்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு இணையாக அது ஆளப்பட்டு, அதனாலேயே கண்டிப்பு, அடி என்னும் பொருட்சாயல்களை ஏற்றது. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் சிட்சை என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தது பிழையன்று. கற்பித்தலுக்கும் தண்டித்தலுக்கும் இடையே ஊசலாடும் கிரேக்கச் சொல்லுக்கு அதே போல் ஊசலாடும் ஒரு சொல்லை அவர்கள் கண்டெடுத்தனர். பிழை பின்னர் நேர்ந்தது. ஊசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. நிருபத்தின் ஆசிரியர் நீதிமொழிகள் 3ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தாளும் அடி எபிரேயத்தில் ஒரு வகையாகவும் கிரேக்கத்தில் வேறு வகையாகவும் உள்ளது. எபிரேயத்தில் தான் விரும்பும் மகனிடம் தந்தை நடந்துகொள்வது போல என்னும் உவமை வருமிடத்தில், கிரேக்கத்தில் சாட்டையால் அடித்தல் என்னும் வினை வருகிறது. உயிர்க்குறிகள் இன்றி மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்ட பழைய எபிரேயத்தில் 'தந்தையைப் போல' என்பதும் 'நோகச் செய்தல்' என்பதும் ஏறத்தாழ ஒரே எழுத்துகளால் ஆனவை. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் பின்னதைப் படித்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. சில மெய்யெழுத்துகளை எவ்வாறு உயிர்ப்பிப்பது என்னும் வாசிப்புச் சிக்கலில் தந்தையும் சாட்டையும் இடம் மாறிக்கொண்டன! ஏடு படித்துப் பாடபேதம் தேடும் நமக்கு இது புதிதன்று. இரு வாசிப்புகளின் விளைவுகளுக்கு இடையிலுள்ள தொலைவுதான் பெரிது.

அதே கிரேக்க வினை லூக்கா சுவிசேஷத்தில் பிலாத்துவின் வாயிலும் வருகிறது. குற்றமற்றவர் என்று தானே கூறிய ஒருவரை அடித்து விடுதலை செய்வதாக அவன் சொல்லுமிடத்தில் ஆளப்படுவது 'பைதெய்யா'வின் வினைவடிவமே. தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே சிட்சை என்னாது தண்டித்தல் என்றது. தந்தையின் செயலையும் ஆளுநனின் செயலையும் தமிழ் பிரித்துவிட்டது, கிரேக்கம் பிரிக்கவில்லை. இது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் நுண்ணுணர்வைக் காட்டுவது எனலாம். ஆயினும் அடிபடுபவனின் முதுகுக்கு இரண்டும் ஒன்றே என்னும் உண்மையைக் கிரேக்கம் மறைக்கவில்லை.

தமிழ் நிலத்தின் முன்னோடிகள்

அன்பினால் அடிக்கும் இறைவன் என்னும் கருத்து ஐரோப்பியர் கப்பலில் வந்திறங்கியதன்று. சைவ சித்தாந்தம் இறைவனின் அருளை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாக வகுக்கிறது. ஒறுத்தலும் அருளே என்பது மறக்கருணையின் உட்கிடை. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அடித்துத் திருத்துவதை உவமையாக்கி இதனை நிலைநாட்டுகிறார். வைணவத்தில் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடும் பதிகம் இன்னும் நெருக்கமானது. கத்தியால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் நோயாளிக்கு அன்பு மாறாதது போல், சினந்து அகற்றினாலும் ஈன்றவளையே நினைந்து அழும் குழந்தை போல் என அவர் அடுக்கும் உவமைகளில் இறைவனின் கண்டிப்பைக் காட்டிலும் அதனைத் தாங்கும் உயிரின் பற்றே முதன்மை பெறுகிறது.

கிருஷ்ண பிள்ளை (1827-1900) திருநெல்வேலிச் சீமையின் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர்; சாயர்புரத்தில் தமிழாசிரியராய்ப் பணிபுரிந்தவர்; 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஆழ்வாரின் மருத்துவன் உவமை இளமை முதல் அவர் செவியில் ஒலித்திராமல் இருக்க வாய்ப்பில்லை. முப்பதாண்டுகள் வைணவராய் வாழ்ந்த ஒருவர் கிறித்தவராகும்போது பழைய நூல்களை வீட்டில் விட்டு வரலாம். பழைய செவியை விட்டு வர முடியாது. மேலை நாட்டில் இக்கட்டுரையாளர் முனைவர் பட்டத்திற்காகப் பயின்ற காலத்தில், அங்குள்ள அறிஞர் கிருஷ்ண பிள்ளையின் பத்தியில் எப்பகுதி வைணவம், எப்பகுதி சுவிசேஷக் கிறித்தவம் எனக் கோடு கிழித்துப் பிரிக்க முயன்றதைக் கண்டதுண்டு. டென்னிஸ் ஹட்சனின் ஆய்வு இத்துறையில் முதன்மையானது. அது இவ்விரு மரபுகளின் சந்திப்பை மிகுந்த பொறுமையோடு ஆராய்வது. ஆயினும் அவ்வகுப்பறைகளில் அக்கோடு சற்று நேராகவே வரையப்பட்டது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். தாங்குதல் என்னும் உணர்வில் அக்கோடு அழிந்துவிடுகிறது.

தாங்குதல் என்றதும் 'பொறுமை' என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. நிருபத்தின் கிரேக்கச் சொல்லாகிய 'ஹுப்பொமொனே' என்பதை உறுப்புறுப்பாகப் பிரித்தால் 'கீழே தங்கியிருத்தல்' என்றாகும். சுமையின் கீழிருந்து விலகாமை அது. தமிழில் பொறு என்னும் வேரும் சுமையோடு தொடர்புடையதே. பொறை என்பது பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தைத் தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைக் கொண்டே தொடங்குகிறார். ஆகவே மொழிபெயர்ப்பாளர்க்குப் பொறுமை எனும் சொல் மிகப் பொருத்தமாக அமைந்தது. ஆனால் வள்ளுவரின் பொறை ஒறுக்கும் ஆற்றலுடையவன் ஒறுக்காதிருத்தல். நிருபத்தின் பொறுமை ஆற்றல் இழந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்தாதிருத்தல். முன்னது நின்று தாங்குவது. பின்னது ஓடிக்கொண்டே தாங்குவது. இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் காட்டுவதில்லை. இன்று நம் வகுப்பறைகளில் பொறுமை என்பது வாய்மூடியிருத்தலின் மறுபெயராகவே கற்பிக்கப்படுகிறது.

சாட்டையடி படும் தலைவன்

இனிக் காப்பியத்துக்கு வருவோம். ஜான் பன்யன் 1660 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர். அரசின் உரிமமின்றிப் போதித்தது அவர் குற்றம். அவருடைய உருவக நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதனைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம் 'நற்போதகம்' என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894 மே மாதத்தில் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களில் 3766 பாடல்கள். பதின்மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் ஒரு காப்பியத்தை எழுதியவரும், பதின்மூன்று ஆண்டுகள் அதனை மாதந்தோறும் படித்தவரும் நிலைத்திருத்தல் என்பதன் பொருளை நடைமுறையில் அறிந்திருப்பர் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

பன்யனின் யாத்திரிகன் பிழை செய்பவன். மலையேறும் வழியில் குளிர்ந்த பந்தலில் உறங்கிச் சுருளை இழக்கிறான். கால் நோகாத புல்வெளி என்று வேலி தாண்டி நம்பிக்கையிழப்பின் அரக்கனுடைய கோட்டையில் சிறைப்படுகிறான். பயணத்தின் இறுதியை நெருங்கும் வேளையில், மேய்ப்பர்கள் எச்சரித்திருந்தும், வெள்ளையுடை தரித்த முகத்துதிக்காரனைப் பின்பற்றி வலையில் சிக்குகிறான். இந்த இறுதி நிகழ்ச்சியே நம் பொருளுக்கு மையம். ஒளிமயமான ஒருவர் கையில் சிறு கயிற்றுச் சாட்டையோடு வருகிறார். வலையைக் கிழிக்கிறார். விட்டுப்போன வழிக்கு யாத்திரிகனையும் அவன் தோழனையும் மீட்டுக்கொண்டு வருகிறார். வழிக்குறிப்பு கையிலிருந்தும் ஏன் படிக்கவில்லை என்று வினவுகிறார். அதன் பின்னரே படுக்கச் சொல்லி அடிக்கிறார். அவர்கள் நன்றி கூறிப் பாடிக்கொண்டு செல்கின்றனர்.

நிகழ்ச்சியின் வரிசை முறை உற்று நோக்கத்தக்கது. மீட்பு முன்னும் அடி பின்னும் வருகின்றன. அடித்து வழிக்குக் கொண்டுவரும் காட்சியாகப் பன்யன் இதனை அமைக்கவில்லை. வழிக்குக் கொண்டுவந்த பின்பே அடி விழுகிறது. அடியாத மாடு படியாது என்னும் நம் பழமொழியின் தருக்கம் இங்கே செல்லாது. இன்னொன்று: இந்நூலில் யாத்திரிகர் படும் மிகக் கொடிய துன்பம் மாயச் சந்தை நகரில் நேர்வது. அங்கே உடன்வந்தவன் பொய்வழக்கில் கொல்லப்படுகிறான். அந்தக் கொலையைச் சாட்டையடியோடு இணைத்துப் பேசப் பன்யன் எங்கும் இடந்தரவில்லை. தம் பிழையால் வந்த அடி வேறு, உலகின் அநீதியால் வந்த அடி வேறு என்பதில் அவர் தெளிவாக இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுச் சிறையைத் தன் பிழைக்கான தண்டனை என்று கொள்ள மறுத்த மனிதருக்கு அத்தெளிவு இயல்பானதே.

இந்தப் பிழை செய்யும் தலைவன் தமிழ்க் காப்பியத்துக்குள் வரும்போது ஓர் இடர் தோன்றுகிறது. தண்டியலங்காரம் காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுகிறது. நம் மரபில் துன்பம் தாங்கும் தலைவன் துன்பத்தால் கற்பவன் அல்லன். காடேகும் இராமன் கம்பனில் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. அவன் முன்பே நிறைந்தவன். துன்பம் அந்நிறைவைக் காட்டும் விளக்கு மட்டுமே. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியிலும் வளனுக்கு நேரும் துன்பங்கள் அவர் பிழையின் விளைவுகள் அல்ல. இத்தகைய மரபில், பந்தலில் உறங்கிவிட்டு அழும் ஒருவனை, வலையில் சிக்கிச் சாட்டையடி பெறும் ஒருவனைத் தலைவனாக்கி ஆயிரக்கணக்கான விருத்தங்கள் பாடுவது எங்ஙனம்?

கிருஷ்ண பிள்ளை இதற்குக் கண்ட தீர்வு குமார பருவத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. பன்யனின் கதையில் சிலுவை வழியோரத்து மேடொன்றில் நிற்கிறது. யாத்திரிகனின் சுமை அங்கே கழன்று உருளுகிறது. சில பத்திகளில் கதை மேலே செல்கிறது. கிருஷ்ண பிள்ளையோ மூலத்தில் இல்லாத அளவிற்கு இயேசுவின் பாடுகளை 'இரட்சணிய சரித படல'மாக விரித்துப் பாடுகிறார். திறனாய்வாளர் பலர் இதனைப் பத்தி மிகுதியால் வந்த இடைச்செருகல் போலவும், காப்பியக் கட்டுக்கோப்பைத் தளர்த்துவது போலவும் கருதுவர். உண்மையில் காப்பியத்தைத் தாங்கும் தூண் அதுவே. தன்னிகரில்லாத் தலைவன் யாத்திரிகன் அல்லன். அவனுக்கு முன்னே நடந்தவன். யாத்திரிகன் வழித்தொண்டன், எனவே அவன் பிழை செய்யலாம், அடிபடலாம், அழலாம். அணியிலக்கணத்தின் விதி காக்கப்படுகிறது, மூலநூலின் உண்மையும் காக்கப்படுகிறது.

தீர்வு இலக்கணத்தோடு நிற்கவில்லை. எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரமும் சிட்சையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், சிலுவையைச் சகித்தவரை நோக்கிப் பார்க்கும்படியே கேட்போரைப் பணிக்கிறது. அந்நிருபத்தின் 5ஆம் அதிகாரம் மகனாயிருந்தும் அவர் பட்ட பாடுகளால் கீழ்ப்படிதலைக் கற்றார் என்னும் துணிச்சலான கருத்தைச் சொல்கிறது. கற்காத இராமனுக்கும் கற்கும் மகனுக்கும் இடையிலான வேறுபாடு தமிழ்க் காப்பிய வரலாற்றில் சிறியதன்று. கிருஷ்ண பிள்ளையின் படலத்தில் நிந்தனைகளையும் அடிகளையும் எதிர்ச்சொல் இன்றி ஏற்கும் தலைவனைக் காண்கிறோம். சாட்டை முதலில் விழுவது யாத்திரிகன் முதுகில் அன்று. தந்தையின் கையிலுள்ள சாட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, மகனின் முதுகில் ஆளுநனின் சாட்டை விழுந்த கதையைப் பாடிவிடுகிறார் ஆசிரியர். பன்யனில் பயண நிகழ்ச்சியாக இருந்தது இங்கே வரலாற்றின் நிழலில் நடப்பதாகிறது.

இதனைப் பாராட்டும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாடு நகர வருணனையும் உவம அடுக்கும் பெருகுமிடங்களில் யாத்திரிகனின் களைப்பு மறைந்துவிடுகிறது. பன்யனின் உரைநடை உழைப்பாளியின் நடை. அதில் சேறும் கால்வலியும் உண்டு. கிருஷ்ண பிள்ளையின் விருத்தம் பல இடங்களில் பல்லக்கில் ஏறிச் செல்கிறது. பல்லக்கில் செல்பவனுக்கு நிலைத்திருத்தல் அரிய செயல் அன்றல்லவா! இடையிடையே அவர் அமைத்துள்ள 'தேவாரம்' என்னும் இசைப்பாடல்கள் இக்குறையை ஓரளவு நிறைக்கின்றன. அங்கே புலவர் ஒதுங்க, நெஞ்சம் நேரே பேசுகிறது. குலசேகரரின் பழைய செவியும் அங்கேதான் விழித்துக்கொள்கிறது. இக்காப்பியத்தை வகுப்பில் கற்பிப்போர் வருணனைப் பகுதிகளைக் குறைத்து இப்பாடல்களை மிகுதியாகத் தெரிந்தெடுத்தால் மாணவர் நன்மையடைவர்.

தோட்டத்துச் செவிகள்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களுட் பலவற்றில் விவிலியமும் பாட்டுப் புத்தகமும் இருந்தன. சிலவற்றில் பன்யனின் கதையை உரைநடையில் தந்த 'மோட்சப் பிரயாணம்' இருந்தது. இரட்சணிய யாத்திரிகம் அரிதே. கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இக்கட்டுரையாளரின் சிறுபருவம் கழிந்தது. எங்கள் வீடு இந்து வீடு. எதிர் லயத்துப் பாட்டி மாலைநேரத்தில் மோட்சப் பிரயாணத்தை உரக்கப் படிப்பார். சிறுவர்கள் அரக்கன் வரும் பகுதிக்காகக் காத்திருப்போம். சிட்சை என்னும் சொல்லை முதலில் கேட்டது அவரிடமிருந்தே. தம் ஓராண்டு நோயைக் குறித்து மட்டும் அவர் அச்சொல்லைப் பயன்படுத்தினார். அவருடைய மருமகன் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது அதனைச் சிட்சை என்று அவர் சொன்னதாக நினைவில்லை. வடித்த கஞ்சியோடு அவர் அவ்வீட்டுக்குப் போய்வந்ததே நினைவில் உள்ளது.

அச்சொல் விழுந்த செவிகளின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நிற்றல், தண்டலின் ஏச்சு, கிராணியின் பற்றுப் புத்தகம், துரையின் பிரம்பு என அமைந்த ஓர் ஒழுங்குமுறையில் வாழ்ந்த மக்கள் அவர்கள். அம்முறையும் தன்னைத் தந்தை போன்றது என்றே சொல்லிக்கொண்டது. 'மா பாப்' என்னும் சொல் வெள்ளைக்கார ஆட்சியில் எங்கும் வழங்கியதை வரலாறு படித்தோர் அறிவர். அத்தகைய செவிக்கு, தந்தை அன்பினால் அடிக்கிறார் என்னும் போதனை இருவகையாகக் கேட்டிருக்க முடியும். துரைக்கு மேலான ஒரு தந்தை உண்டு, நான் அவருடைய பிள்ளை, கூலி எண்ணில் அடங்குபவன் அல்லன் என்று கேட்டிருக்கலாம். துரையின் பிரம்பும் தெய்வத்தின் பிரம்பே, பொறுத்துக்கொள் என்றும் கேட்டிருக்கலாம். எது மிகுதியாகக் கேட்டது என்பதை மலேசியத் தமிழ் இலக்கியம் நமக்குச் சொல்லவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்கள் தாங்குதலின் உச்சத்தைக் காட்டுகின்றன. அத்துன்பத்திற்கு ஒரு தந்தையைத் தேடுவது அவற்றின் நோக்கமன்று. தோட்டத்துக் கிறித்தவரின் அகவாழ்வை எழுதும் புதினம் இன்னும் நமக்குக் கடனாகவே உள்ளது.

நிருபம் தானே இவ்விடரை முழுமையாகத் தீர்த்துவிட்டது என்று சொல்ல இயலாது. அதனைக் கேட்டவர்கள் உடைமைகள் சூறையாடப்பட்டவர்கள் என்று 10ஆம் அதிகாரம் கூறுகிறது. பன்யன் பிரித்து வைத்ததை நிருபம் பிரிக்கவில்லை. பகைவர் இழைத்த அநீதியையும் தந்தையின் பயிற்சியாகக் காணச் சொல்கிறது. இது கடினமான இடம். இதனை மழுப்பும் விளக்கங்கள் பல உண்டு; அவை நேர்மையானவையாகத் தோன்றவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் உடன் கருதப்பட வேண்டும். முதலாவது, அங்கே பேசுபவர் கேட்பவர்களோடு தம்மையும் சேர்த்தே 'நாம்' என்கிறார். ஓடுபவன் ஓடுபவனிடம் பேசுகிறான். கரையில் நின்று நனையாமல் பேசும் குரல் அதுவன்று. சூறையாடியவர்களின் செயலை நியாயம் என்று அது எங்கும் கூறவுமில்லை. இரண்டாவது, சிட்சை பற்றிய பகுதி முடிந்த கையோடு, தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்துங்கள், முடமானது பிசகிப் போகாமல் குணமாகும்படி பாதைகளைச் செவ்வைப்படுத்துங்கள் என்னும் கருத்து வருகிறது. துன்பத்திற்கு விளக்கம் தந்தவன் உடனே துன்பப்படுபவனுக்குத் தோள் கொடுக்கப் பணிக்கப்படுகிறான்.

சிட்சை என்பது தன்மையிடத்தில் மட்டும் சொல்லத்தக்க சொல் என்று இலக்கண மாணவனின் மொழியில் கூறலாம். 'எனக்கு இது சிட்சை' என்பது ஒரு நம்பிக்கை. 'உனக்கு இது சிட்சை' என்பது ஒரு தீர்ப்பு. யோபுவின் நண்பர்கள் படர்க்கையிலும் முன்னிலையிலும் பேசியவர்கள். அவர்கள் சொன்ன இறையியலில் பெரும்பகுதி பிழையற்றது, எனினும் நூலின் முடிவில் கடிந்துகொள்ளப்படுபவர் அவர்களே. எதிர் லயத்துப் பாட்டி இவ்விலக்கணத்தை யாரிடமும் கற்றவர் அல்லர்.

கிருஷ்ண பிள்ளை என்ன சொல்வார் என்ற வினாவிற்கு, அவர் காப்பியத்தை அமைத்த வரிசையைக் காட்டுவதே கட்டுரையாளரால் இயன்றது. மகன் அடிபட்ட படலத்தைப் படித்து முடிக்காதவர்க்கு யாத்திரிகன் அடிபடும் இடத்தைப் பொருள் சொல்ல உரிமையில்லை என்பது அவ்வரிசையின் குறிப்பு. சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஆசிரியரைக் கோத்தா திங்கியில் மீண்டும் காண நேர்ந்தபோது இதனை ஒருவாறு அவரிடம் கூறியதுண்டு. அவர் முழுமையாக ஒப்பவில்லை. தமக்கு ஆறுதல் கூறிய அந்த நண்பர், ஜனவரியில் ஆறு இரண்டாம் முறை ஏறியபோது இடுப்பளவு நீரில் வந்து தம் தாயாரைத் தோளில் சுமந்து சென்றவர் என்றும், அவர் முன்னிலையில் சொன்னாரா தன்மையில் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்கத் தமக்கு இப்போது தோன்றவில்லை என்றும் சொல்லிவிட்டு, இரட்சணிய யாத்திரிகத்தின் பிரதி ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.